பொத்தானை அமுக்கினால் போதும்!

இணையதளத்துக்கு "ஜார்" மாட்டும் கதை

மிக்சி இல்லாத வீடு இன்று அபூர்வம்.

மிக்சியின் அடியில் இருப்பது ஒரே ஒரு மோட்டார்தான். அதன் மேல் சின்ன ஜாரை வைத்தால் சட்னி அரைக்கலாம். பெரிய ஜாரை வைத்தால் மாவு அரைக்கலாம். இன்னொரு ஜாரை வைத்தால் பழரசம் எடுக்கலாம்.

அதற்காக மோட்டாரை யாரும் பிரித்துப் பார்ப்பது இல்லை. ஜாரை வைக்க வேண்டியது. குமிழைத் திருப்ப வேண்டியது. வேலை முடிந்தது!

ஆனால், இப்படி நடப்பதாக நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஜாரை ஒரு மூட்டையில் கட்டிக் கொடுக்கிறார். "வீட்டுக்குப் போய் மூட்டையைப் பிரியுங்கள். மோட்டாரின் பின்பக்கத்துக் கதவைத் திறங்கள். உள்ளே பல அறைகள் இருக்கும். சரியான அறையில் இதை வையுங்கள். பிறகு முன்பக்கம் வந்து சுவிட்சைப் போடுங்கள். அறை மாறினால் ஜார் ஓடாது" என்கிறார்.

அப்படி இருந்தால் எத்தனை வீடுகளில் சட்னி அரைப்பார்கள்?

இணையதளம் வைத்து இருப்பவர்கள் பல ஆண்டுகள் பட்ட பாடு இதுதான்!

மோட்டார் எது? ஜார் எது?

கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எல்லாவற்றுக்கும் இன்று இணையதளம் இருக்கிறது. செல்போனில் பெயரைத் தட்டினால், விலாசம், விலை, படம் எல்லாம் கண் முன் வந்து நிற்கின்றன.

அந்தப் பக்கங்களை எழுத வேண்டும். படம் போட வேண்டும். விலை மாறினால் திருத்த வேண்டும். இதற்கு உதவும் மென்பொருள் ஒன்று பின்னால் இருந்து வேலை செய்கிறது. அதுதான் "மோட்டார்."

இப்படிப்பட்ட மென்பொருள்கள் பல உண்டு. வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. மூன்றையும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் பெரியது வேர்ட்பிரஸ். உலகில் உள்ள இணையதளங்களில் 100-க்கு 40-க்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன!

இந்த மோட்டார் அடிப்படை வேலைகளை மட்டும் செய்யும். மற்ற வேலைகளுக்குத் தனித்தனி "ஜார்" வேண்டும். பொருளை விற்றுப் பணம் வாங்க ஒன்று. படங்களை வரிசையாகக் காட்ட ஒன்று. வாடிக்கையாளர் கடிதம் எழுத ஒன்று. திருடர்கள் உள்ளே நுழையாமல் காவல் காக்க ஒன்று.

இந்த ஜாருக்கு "பிளக்கின்" என்று பெயர். தமிழில் "செருகுநிரல்" என்கிறார்கள். அதாவது, பெரிய மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் சின்ன மென்பொருள். வேர்ட்பிரசின் பொதுக் கிடங்கில் மட்டும் ஏறக்குறைய 60 ஆயிரம் இலவச பிளக்கின்கள் இருக்கின்றன!

19 வயது வாலிபர்

2003-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் மாட் முல்லன்வெக் என்ற மாணவர் இருந்தார். அவருக்கு வயது 19. தன்னுடைய இணையப் பக்கத்தை நடத்த "பி2" என்ற மென்பொருளை அவர் பயன்படுத்தி வந்தார்.

அதை உருவாக்கியவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மிஷெல் வால்ட்ரிகி. திடீர் என்று அவரிடம் இருந்து தகவல் நின்றுவிட்டது. மென்பொருள் அனாதை ஆயிற்று.

அதைத் தானே எடுத்து வளர்க்கலாமா என்று முல்லன்வெக் யோசித்தார். யோசனையை வெளியே எழுதினார். இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டில் என்பவர் கை கொடுக்க முன்வந்தார். ஒருவர் அமெரிக்காவில், இன்னொருவர் இங்கிலாந்தில். 2003-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி, வேர்ட்பிரஸ் பிறந்தது.

அப்போது அதற்குப் பிளக்கின் கிடையாது. புதிய வசதி ஒன்று வேண்டும் என்றால், மென்பொருளின் மூல வரிகளையே திருத்த வேண்டும். மோட்டாரைப் பிரித்துக் கம்பி மாற்றுவது போல! மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால், செய்த திருத்தம் எல்லாம் அழிந்து போகும். மறுபடியும் முதலில் இருந்து திருத்த வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2004 மே மாதம், 1.2 என்ற பதிப்பு வந்தது. மோட்டாரில் கை வைக்காமல் மேலே மாட்டிக்கொள்ளும் பிளக்கின் முறை அதில்தான் வந்தது.

முதல் பிளக்கின் என்ன தெரியுமா? அதன் பெயர் "ஹலோ டாலி". லூயி ஆம்ஸ்டிராங் என்ற புகழ் பெற்ற பாடகர் பாடிய பாட்டின் பெயர் அது. இந்தப் பிளக்கினை ஓட விட்டால், நிர்வாகப் பக்கத்தின் மேல் மூலையில் அந்தப் பாட்டின் ஒரு வரி தெரியும். வேறு ஒரு வேலையும் செய்யாது! "இப்படித்தான் பிளக்கின் செய்ய வேண்டும்" என்று மற்றவர்களுக்குக் காட்டும் மாதிரியாக அது இருந்தது.

ஆறு படிகள்

ஜார் வந்துவிட்டது. அதை மாட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

முதலில், பிளக்கின் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டும். இரண்டாவது, அதைத் தன்னுடைய கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ள வேண்டும். "ஜிப்" என்ற மூட்டையாக அது வரும். மூன்றாவது, அந்த மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

நான்காவது படிதான் ஆளை அசர வைக்கும். இணையதளம் வேறு ஏதோ ஊரில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கும். அதற்குள் நுழைய தனி மென்பொருள் வேண்டும். தனிப் பெயர், தனி ரகசியச் சொல் வேண்டும்.

ஐந்தாவது, பல அறைகளைத் தாண்டி "பிளக்கின்ஸ்" என்ற அறையைக் கண்டுபிடித்து, பிரித்த பொருளை அங்கே வைக்க வேண்டும். ஆறாவது, வேர்ட்பிரசின் நிர்வாகப் பக்கத்துக்கு வந்து, அதை இயக்க வேண்டும்.

ஒரு படி சறுக்கினாலும் காரியம் நடக்காது. மூட்டையைப் பிரிக்கும்போது சில சமயம் பைக்குள் பை வந்துவிடும். அதை அப்படியே கொண்டுபோய் வைத்தால், பிளக்கின் இருப்பதே வேர்ட்பிரசுக்குத் தெரியாது! ஒரு பையைத் திறந்து பார்க்கும். அதற்குள் இருக்கும் இரண்டாவது பையைத் திறந்து பார்க்காது.

"நான் வைத்தேனே! ஏன் காணோம்?" என்று ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். திரையில் ஒரு விளக்கமும் வராது.

தையல் கடை

ஒரு பெண் தையல் கடை வைத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். பண்டிகை வருகிறது. அளவையும் துணி நிறத்தையும் வாடிக்கையாளர்கள் வீட்டில் இருந்தே எழுதி அனுப்பினால் நல்லது என்று அவர் நினைக்கிறார். அதற்கு ஒரு பிளக்கின் போதும். இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால், ஆறு படி ஏற அவருக்குத் தெரியாது. என்ன செய்வார்? தெரிந்தவரைக் கூப்பிடுவார். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அவர் வரும்வரை காத்து இருக்க வேண்டும். இணையதளத்தின் ரகசியச் சொல்லையும் அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். கடைச் சாவியை அடுத்தவரிடம் கொடுப்பதற்கு அது சமம்!

பண்டிகை போன பிறகு வசதி வந்து என்ன பயன்?

இது படிப்பு இல்லாத குறை அல்ல. துணியை அளந்து, வெட்டி, சட்டையாக்கத் தெரிந்தவர் அவர். மூட்டை தூக்கும் வேலையை மனிதர் தலையில் வைத்ததுதான் குறை. அது கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலை.

மாறிய ஆண்டு

2008-ம் ஆண்டில் இந்த நிலை மாறியது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் வந்த 2.5 பதிப்பில், பழைய பிளக்கினைப் புதுப்பிக்க ஒரே சொடுக்கு போதும் என்று ஆயிற்று. டிசம்பர் மாதம் 2.7 பதிப்பு வந்தது. அதில் பிளக்கினைத் தேடுவதும், கொண்டு வருவதும், மாட்டுவதும் நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே நடந்தன. மூட்டையைப் பிரிப்பது, சரியான அறையில் வைப்பது எல்லாம் கம்ப்யூட்டரின் பொறுப்பு!

ஆறு படிகள் மூன்றாகச் சுருங்கின. தேடு, நிறுவு, இயக்கு.

ஆனால், ஒரு குறை பாக்கி இருந்தது. "நிறுவு" என்பதை அமுக்கியதும், திரை வேறு பக்கத்துக்குத் தாவும். "இறக்குகிறது... பிரிக்கிறது... நிறுவுகிறது..." என்று வெறும் எழுத்துகள் வரிசையாக ஓடும். தேடிக்கொண்டு இருந்த பக்கம் போய்விடும். அதை உருவாக்கியவர்களே அந்தத் திரைக்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்து இருந்தார்கள். "துயரத் திரை" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்!

2016 ஆகஸ்டில் வந்த 4.6 பதிப்பில் அது ஒழிந்தது. பக்கம் தாவவில்லை. "நிறுவு" என்று இருந்த பொத்தானே, வேலை முடிந்ததும் "இயக்கு" என்று மாறியது.

இது சின்ன மாற்றம் என்று நினைக்கக்கூடாது. நிறுவுவது வேறு, இயக்குவது வேறு. ஜாரை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பது நிறுவுவது. அதை மோட்டாரில் மாட்டி ஓட விடுவது இயக்குவது. முதல் பொத்தானை அமுக்கிவிட்டு, "வேலை செய்யவில்லையே!" என்று திகைத்தவர்கள் ஏராளம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை, கை இருக்கும் இடத்திலேயே பொத்தான் சொல்லியது. குழப்பம் குறைந்தது.

கிரைண்டர் எங்கே?

கிரைண்டரில் மாட்டும் தேங்காய்த் துருவியைப் பார்த்து இருப்பீர்கள். அதை மட்டும் வாங்கி வந்தால் தேங்காய் துருவ முடியுமா? கிரைண்டர் வேண்டாமா?

பிளக்கின்களிலும் இந்த வகை உண்டு. "வூகாமர்ஸ்" என்பது இணையத்தில் கடை நடத்த உதவும் பெரிய பிளக்கின். 2011-ம் ஆண்டு வந்தது. அதன் மேல் மாட்டுவதற்கு என்றே ஏராளமான சின்ன பிளக்கின்கள் இருக்கின்றன. வூகாமர்ஸ் இல்லாமல் அவற்றை மாட்டினால் பயன் இல்லை. சில, தளத்தையே முடக்கிவிடும்.

"முதலில் அதை மாட்டு" என்று சொல்ல வேண்டியது யார்? நீண்ட காலம், ஒவ்வொரு பிளக்கினும் தன் இஷ்டப்படி சொல்லியது. சில சொல்லவே இல்லை.

2024 ஏப்ரல் 2-ந் தேதி வந்த 6.5 பதிப்பில் இதற்கு ஒரு பொது முறை வந்தது. தனக்கு எந்தப் பிளக்கின் துணை வேண்டும் என்பதை ஒரு பிளக்கின் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அப்படி எழுதி இருந்தால், துணைப் பிளக்கின் வரும்வரை அதை இயக்க வேர்ட்பிரஸ் விடாது. "இது வேண்டும்" என்று பெயரைச் சொல்லிக் காட்டும்.

துருவி மாட்டி இருக்கும்போது கிரைண்டரைத் தூக்கிப் போடவும் விடாது! "இதை நம்பி இன்னொன்று இருக்கிறது" என்று தடுத்துவிடும்.

வெள்ளைத் திரை

பிளக்கின் மாட்டுகிறவர்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. தளம் அப்படியே படுத்துவிடுமோ என்ற பயம்தான் அது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பிளக்கினில் பெரிய பிழை இருந்தால், திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். ஒரு எழுத்துகூட இருக்காது. வாடிக்கையாளருக்கும் வெள்ளை, கடைக்காரருக்கும் வெள்ளை. நிர்வாகப் பக்கமே திறக்காதபோது, கோளாறான பிளக்கினை எப்படி நிறுத்துவது? வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதைதான்!

2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பு இதற்கு வழி செய்தது. பெரிய பிழையால் தளம் நின்றால், பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் போகும். எந்தப் பிளக்கினால் தொல்லை என்று அதில் இருக்கும். உள்ளே நுழைய ஒரு தனி வழியும் இருக்கும். அந்த வழியாகப் போனால், கெட்டுப்போன பிளக்கின் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டு இருக்கும். அதை எடுத்துவிட்டுத் தளத்தைச் சரி செய்யலாம்.

வருமுன் காப்பதும் நடந்தது. வேர்ட்பிரசும் பிளக்கின்களும் "பி.எச்.பி." என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டவை. சில பிளக்கின்களுக்கு அந்த மொழியின் புதிய பதிப்பு வேண்டும். தளத்தில் பழையது இருந்தால், "நிறுவ முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. மாட்டிக் கெடுத்த பிறகு அழ வேண்டியது இல்லை.

மற்ற வீடுகளில்...

வேர்ட்பிரசுக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல இது.

ஜூம்லா 2005-ம் ஆண்டு வந்தது. "எல்லோரும் சேர்ந்து" என்ற பொருள் தரும் சுவாகிலி சொல்லில் இருந்து வந்த பெயர் அது. அதன் முதல் பதிப்பில், ஒவ்வொரு வகை இணைப்புக்கும் தனித் தனி வாசல்! "காம்போனன்ட்" என்றால் ஒரு வாசல். "மாட்யூல்" என்றால் இன்னொரு வாசல். "மாம்பாட்" என்றால் வேறு வாசல். எது எந்த வகை என்று தெரியாதவர் என்ன செய்வார்?

2008 ஜனவரியில் வந்த 1.5 பதிப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் ஆயிற்று. மூட்டையைக் கொடுத்தால் போதும். அது எந்த வகை என்று ஜூம்லாவே பார்த்துக்கொள்ளும்.

துருபலை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த டிரீஸ் பையுடார்ட். 2001-ல் வெளியிட்டார். அதில் நிர்வாகப் பக்கத்தில் இருந்தே இணைப்புகளை நிறுவும் வசதி 2011-ல் 7-ம் பதிப்பில் வந்தது. ஆனால் பிந்திய பதிப்புகளில், கட்டளைகளைத் தட்டச்சு செய்து நிறுவும் முறை முன்னுக்கு வந்தது. பழகிய பொறியாளருக்கு அது நல்ல முறை. பழகாதவருக்கு மலை! 2025 ஜனவரியில் "துருபல் சி.எம்.எஸ்." என்ற பெயரில் வந்த புதிய வடிவத்தில், பக்கத்திலேயே தேடி, பார்த்து, நிறுவும் வசதியை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இன்னும் தீராதவை

குழப்பம் முழுவதும் போய்விட்டதா? இல்லை.

காசு கொடுத்து வெளியே வாங்கும் பிளக்கின் சில சமயம் பெரிய மூட்டையாக வரும். அதற்குள் விளக்கப் புத்தகம் இருக்கும். உண்மையான பிளக்கின் இன்னொரு சின்ன மூட்டையில் இருக்கும். பெரிய மூட்டையை அப்படியே கொடுத்தால், "இதில் பிளக்கின் இல்லை" என்று வேர்ட்பிரஸ் கை விரித்துவிடும். பெரிய மூட்டையைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன மூட்டையை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இயக்கிய பிறகு அதன் அமைப்புகள் எங்கே இருக்கின்றன என்பதும் ஒரு புதிர். ஒரு பிளக்கின் ஓரத்துப் பட்டியலில் தனிப் பெயராக நிற்கும். இன்னொன்று வேறு பெயருக்குள் ஒளிந்து இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி: 60 ஆயிரத்தில் எதை எடுப்பது? மாட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. தேர்ந்து எடுக்கும் வேலை இன்னும் மனிதரிடம்தான் இருக்கிறது.

மாட்டும் முன்பு...

பிளக்கின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை தெரியும். அவசரப்படாமல் அதைப் படித்துப் பாருங்கள்.

கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? பல ஆண்டுகள் ஆகி இருந்தால் விட்டுவிடுங்கள்.

எத்தனை தளங்களில் ஓடுகிறது? எத்தனை நட்சத்திரம்? எத்தனை பேர் அதைக் கொடுத்தார்கள்?

உங்கள் பதிப்புக்குப் பொருந்தும் என்று போட்டு இருக்கிறதா?

இதற்குத் துணையாக வேறு பிளக்கின் வேண்டுமா?

இவற்றைப் பார்த்த பிறகு, தளம் முழுவதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிளக்கின் மட்டும் மாட்டுங்கள். மாட்டியதும் தளத்தைத் திறந்து பாருங்கள். ஐந்தை ஒரே மூச்சில் மாட்டினால், கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பயன்படாத பிளக்கினை நிறுத்தினால் மட்டும் போதாது, நீக்கியும் விடுங்கள்.

இவ்வளவுதான். தையல் கடைக்காரப் பெண் இன்று தானே தேடலாம். தானே மாட்டலாம். கடைச் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

அவர் புதிதாகக் கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படித்துவிடவில்லை. மூட்டை தூக்கும் வேலையை மென்பொருள் தன் தோளில் போட்டுக்கொண்டது. அடுத்து எந்தப் பொத்தான் என்பதைத் தெளிவாக எழுதிக் காட்டியது. அதனால் அவருக்கு வழி திறந்தது.

மிக்சிக்குள் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று தெரியாமலே, எத்தனையோ வீடுகளில் தினமும் சட்னி அரைக்கிறார்கள். சட்னியின் ருசி குறையவில்லையே!